நான்கு டேட்டா அக்விசிஷன் பெட்டிகள், நான்காவது மட்டும் அணைந்து அணைந்து எரிகிறது: பெட்டி பழுதா?

#1 அளவுகோல்

வணக்கம். மோட்டாரும் பம்பும் பூட்டிய சோதனை மேடை ஒன்றில் அதிர்வு, வெப்பநிலை, அழுத்தம் மூன்றையும் பதிவு செய்ய நான்கு டேட்டா அக்விசிஷன் பெட்டிகளை மாட்டியிருக்கிறேன். நான்கும் ஈதர்நெட் கேபிளில் ஒரு ஸ்விட்சுக்கு வருகின்றன, அங்கிருந்து லேப்டாப்புக்கு. மின்சாரம் எல்லாவற்றுக்கும் ஒரே பவர் சப்ளையிலிருந்து: 12 வோல்ட், 10 ஆம்பியர். பெட்டிகள் அதிலிருந்து 5, 10, 20, 50 மீட்டர் தூரத்தில் இருக்கின்றன. ஒயர் 0.5 சதுர மி.மீ. கையேட்டின்படி பெட்டி 9 முதல் 30 வோல்ட் வரை ஏற்கும், அதிகபட்சம் 12 வாட் இழுக்கும்.

நேற்று எல்லாவற்றையும் இணைத்து முடித்துவிட்டு மெயினைப் போட்டேன். மூன்று பெட்டிகளில் பச்சை விளக்கு நின்று எரிகிறது. 50 மீட்டரில் உள்ள நான்காவதில் விளக்கு வருகிறது, ஓரிரு வினாடியில் அணைகிறது, மறுபடி வருகிறது. பெட்டியைக் கழற்றிவிட்டு ஒயர் முனையில் மல்டிமீட்டர் வைத்தால் 12.1 வோல்ட். அதனால் ஒயரில் குறை இல்லை, பெட்டிதான் பழுது என்று நினைக்கிறேன். திருப்பி அனுப்பிவிடலாமா?

இன்னொரு சின்ன விஷயம். எரியும் மூன்றும்கூட மென்பொருளில் ஒன்றாகத் தெரிவதில்லை. ஒரு தடவை தேடினால் முதல் பெட்டி, அடுத்த தடவை மூன்றாவது. மென்பொருள் மெதுவாக இருக்கிறதோ என்று விட்டுவிட்டேன்.

#2 செம்பு

அனுப்பாதீங்க சார். முதல்ல நாலாவது பெட்டியைத் தூக்கிட்டு வந்து பவர் சப்ளை பக்கத்துலயே அரை மீட்டர் ஒயர்ல மாட்டிப் பாருங்க. எரிஞ்சு நின்னா சொல்லுங்க, மீதியை எழுதறேன்.

#3 அளவுகோல்

மாட்டிப் பார்த்தேன். எந்தத் தொந்தரவும் இல்லாமல் எரிகிறது. அரை மணி நேரமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

#4 செம்பு

அப்போ பெட்டி நல்லா இருக்கு. குறை ஒயர்லதான். நீங்க அளந்த 12.1 வோல்ட் பொய் இல்லை, ஆனா அது லோடு இல்லாத ஒயரோட வோல்டேஜ். மல்டிமீட்டர் இழுக்கற கரண்ட் ஒண்ணுமே இல்லாத அளவு. கரண்ட் ஓடாத ஒயர்ல வோல்டேஜ் இறங்காது. பெட்டி மாட்டியிருக்கும்போதே, அதோட டெர்மினல்ல முனையை வெச்சு அளக்கணும்.

கணக்கைப் பாருங்க. போக 50, வர 50, மொத்தம் 100 மீட்டர் செம்பு. 0.5 சதுர மி.மீ ஒயர்ல இது ஏறத்தாழ 3.5 ஓம். 12 வாட்டை 12 வோல்ட்டால் வகுத்தா 1 ஆம்பியர். 3.5 வோல்ட் ஒயரிலேயே போச்சு, மீதி 8.5. இதுவே 9-க்குக் கீழ. ஆனா நிஜம் இதைவிட மோசம், பலரும் தடுமாறற இடமும் இதுதான்.

பல்பு மாதிரி லோடு வோல்டேஜ் குறைஞ்சா கரண்ட்டையும் குறைச்சுக்கும். இந்தப் பெட்டி அப்படி இல்லை. உள்ள இருக்கற கன்வர்ட்டர் தனக்கு வேண்டிய 12 வாட்டை எப்படியாவது எடுக்கப் பார்க்கும். வோல்டேஜ் இறங்கினா கரண்ட்டைக் கூட்டும். கரண்ட் கூடினா ஒயர்ல இன்னும் இறங்கும். இறங்கினா இன்னும் கூட்டும். 12 வோல்ட் சப்ளையும் 3.5 ஓம் ஒயரும் சேர்ந்து மறுமுனைக்குக் கொடுக்கக்கூடிய உச்ச பவரே 10.3 வாட்தான் (12-ஐ வர்க்கமாக்கி, 3.5-இன் நாலு மடங்கால் வகுக்கணும்). 9 வோல்ட்டுக்குக் கீழ இறங்கக் கூடாதுன்னு பார்த்தா 7.7 வாட்தான் கிடைக்கும். 12 வாட் அந்த ஒயர்ல எந்த நிலையிலயும் போய்ச் சேராது. பவர் சப்ளை 10 ஆம்பியரா 100 ஆம்பியராங்கறது இதுல ஒரு பொருட்டே இல்லை.

அதனாலதான் அந்த மினுக்கல். பெட்டி கண் திறக்கும், பிராசஸர் எழுந்திரிக்கும், லோடு ஏறும், வோல்டேஜ் சரியும், குறைவோல்டேஜ் காப்பு அணைச்சிடும். லோடு போனதும் வோல்டேஜ் பழையபடி 12-க்கு வந்துடும், மறுபடி கண் திறக்கும். ராத்திரி முழுக்க விட்டாலும் இதே சுற்றுதான்.

இதே ஒயர்ல 24 வோல்ட் கொடுங்க. பெட்டிக்கு 22.1 வந்து சேரும், கரண்ட் அரை ஆம்பியர் சொச்சம். வோல்டேஜ் இரட்டிச்சா கரண்ட் பாதிக்கும் கீழ போயிடுது. உங்க கையேடு 30 வரைக்கும் இடம் கொடுக்குது.

மூணாவது பெட்டியையும் எரியும்போது அளந்து பாருங்க. 20 மீட்டர்ல 1.4 ஓம் வருது, முழு லோடுல 10.4 வோல்ட் இருக்கணும். ஓடும், ஆனா விளிம்புல ஓடுது.

#5 அளவுகோல்

மூன்றாவதில் 10.6. நான்காவதை மாட்டியபடி அளந்தேன். முள் இருக்கும் பழைய மீட்டரில் 12-க்கும் 7-க்கும் நடுவே ஊசலாடுகிறது. டிஜிட்டல் மீட்டரில் எண் நிற்கவே இல்லை.

#6 இணைப்பான்

செம்பு சொன்ன கணக்கு சரி. ஆனால் இந்த இடத்தில் நான் தனி ஒயரையே எடுத்துவிடுவேன். உங்கள் பெட்டி பிஓஇ (பவர் ஓவர் ஈதர்நெட்) ஏற்குமா என்று பாருங்கள். ஏற்குமென்றால் தரவுக்குப் போகும் ஈதர்நெட் கேபிளிலேயே மின்சாரமும் போய்விடும். 2003-இல் வந்த 802.3ஏஎஃப் தரம் ஸ்விட்ச் முனையில் 15.4 வாட் கொடுக்கிறது, 100 மீட்டர் கேபிளின் இழப்பு போக மறுமுனையில் 12.95 வாட் உறுதி. உங்கள் 12 வாட் அதற்குள் அடங்குகிறது. இன்னும் கொஞ்சம் இடைவெளி வேண்டுமென்றால் 2009-இன் 802.3ஏடி: 30 வாட் புறப்பட்டு 25.5 வந்து சேரும்.

மெல்லிய ஈதர்நெட் கம்பியில் இது எப்படி முடிகிறது என்றால், செம்பு சொன்ன அதே காரணம்தான். பிஓஇ ஓடுவது 44 முதல் 57 வோல்ட்டில்.

ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். தரப்படி அமைந்த ஸ்விட்ச் எடுத்த எடுப்பில் 48 வோல்ட்டை வெளியே விடாது. முதலில் 10 வோல்ட் அளவில் மெதுவாகத் தொட்டுப் பார்த்து, மறுமுனையில் 25 கிலோஓம் அடையாளத் தடை இருந்தால்தான் மின்சாரத்தைத் திறக்கும். 'பாசிவ்' என்று எழுதியிருக்கும் இன்ஜெக்டர்கள் (கேபிளில் மின்சாரம் ஏற்றும் சிறு பெட்டிகள்) எதையும் கேட்பதில்லை. மறுமுனையில் யார் இருந்தாலும் வோல்டேஜை அப்படியே தள்ளும். அப்படி ஒன்றை பிஓஇ இல்லாத கருவியில் செருகி ஈதர்நெட் போர்ட்டையே பறிகொடுத்தவன் நான். இன்ஜெக்டரின் லேபிளில் 802.3 என்ற எண்ணும் ஏஎஃப், ஏடி, பிடி என்ற எழுத்துகளில் ஒன்றும் இல்லையென்றால் தொடவே தொடாதீர்கள்.

#7 செம்பு

பிஓஇ நல்ல வழிதான், மறுக்கலை. ஆனா அளவீட்டுப் பெட்டிக்கு நான் தனி 24 வோல்ட்டைத்தான் விரும்புவேன். 12 வாட் பெட்டிக்கு 12.95 வாட் வழின்னா ஒரு வாட்கூட மீதி இல்லை. சென்சாருக்கும் அந்தப் பெட்டிதானே பவர் கொடுக்கப்போகுது. அப்புறம் ஸ்விட்சோட மொத்த பட்ஜெட். எட்டு போர்ட் பிஓஇன்னு போட்டிருக்கும், மொத்தமே 60 வாட்தான்னு கீழ சின்னதா இருக்கும். ஒவ்வொரு போர்ட்டுக்கும் 15.4 ஒதுக்கினா மூணோட முடிஞ்சது. நாலாவது இருட்டுல நிக்கும், திரும்பவும் "பெட்டி பழுதா"ன்னு இதே கேள்வி வரும்.

#8 இணைப்பான்

பட்ஜெட்டைப் பார்த்து வாங்க வேண்டும், அது சரி. ஆனால் 50 மீட்டர் தள்ளி இருக்கும் பெட்டி உறைந்துபோனால், பிஓஇ ஸ்விட்சில் உட்கார்ந்த இடத்திலிருந்தே அந்தப் போர்ட்டை அணைத்து ஏற்றலாம். ஆள் நடந்து போகவே முடியாத இடத்தில் கருவி வைத்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

#9 செம்பு

அந்த ஒரு விஷயத்துல உங்க பக்கம்தான் நான்.

#10 வலைக்கண்

எல்லோரும் மின்சாரத்திலேயே நிற்கிறீர்கள். முதல் பதிவின் கடைசிப் பத்தியை யாரும் கவனிக்கவில்லை. ஒரு தடவை முதல் பெட்டி, அடுத்த தடவை மூன்றாவது என்றால் அது மென்பொருளின் மந்தம் அல்ல. மூன்று பெட்டிகளும் ஒரே ஐபி முகவரியில் உட்கார்ந்திருக்கின்றன.

பல கருவிகள் தொழிற்சாலையிலிருந்து ஒரே நிலையான முகவரியோடு வரும், பெரும்பாலும் 192.168-இல் தொடங்கும் ஏதோ ஒன்று. ஒன்றே ஒன்று வாங்கினால் சிக்கல் தெரியாது. நான்கை ஒரே நேரத்தில் ஏற்றினால், லேப்டாப் "இந்த ஐபி யாருடையது?" என்று கேட்கும்போது நான்கும் "என்னுடையது" என்று பதில் சொல்லும். லேப்டாப் அவற்றில் ஒன்றின் மேக் முகவரியை (ஒவ்வொரு கருவிக்கும் தனியான வன்பொருள் எண்), எந்த ஐபி எந்த மேக் என்று குறித்துவைக்கும் தன் ஆர்ப் அட்டவணையில் எழுதிக்கொள்ளும். சிறிது நேரத்தில் அது மறந்துபோகும், மறுபடி கேட்கும், இந்தத் தடவை இன்னொன்று முந்தும்.

சோதிப்பது எளிது. பிங் கட்டளை (அந்த முகவரி பதில் தருகிறதா என்று பார்ப்பது) ஓடிக்கொண்டிருக்கும்போது கட்டளைச் சாளரத்தில் ஆர்ப் அட்டவணையைப் பாருங்கள். சில நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஐபி அதே, மேக் மாறியிருந்தால் சந்தேகமே வேண்டாம். மேக் முகவரி பெட்டியின் லேபிளில் அச்சிட்டிருக்கும், எது எது என்று தெரிந்துவிடும்.

செய்ய வேண்டியது: எல்லாவற்றையும் அணையுங்கள். ஒரு பெட்டியை மட்டும் ஏற்றுங்கள், முகவரியை மாற்றுங்கள், பெட்டியின் மேல் அந்த எண்ணை ஒட்டுங்கள், ஒருமுறை அணைத்து ஏற்றி எண் நிலைத்திருக்கிறதா பாருங்கள். பிறகு அடுத்தது. முன்பே இயங்கிக்கொண்டிருக்கும் மூன்றை அப்படியே வைத்துக்கொண்டு நான்காவதை ஏற்றுகிற குறுக்குவழி வேண்டாம்.

லேப்டாப்பின் வைஃபையை அணைத்துவிட்டு இதைச் செய்யுங்கள். வைஃபையும் 192.168.1 வரிசை, பெட்டியும் அதே வரிசை என்றால், உங்கள் கேள்வி கேபிள் வழியாகப் போகாமல் காற்றில் போய்த் தொலையும்.

#11 அளவுகோல்

நீங்கள் சொன்னபடியே மேக் மாறுகிறது! மூன்றுக்கும் ஒரே முகவரி. நாளை ஒவ்வொன்றாக மாற்றுகிறேன். 24 வோல்ட் பவர் சப்ளையும் கையில் இருக்கிறது, காலையில் 12-ஐ எடுத்துவிட்டு அதை வைத்துவிடுகிறேன்.

#12 செம்பு

ஒரு நிமிஷம். அந்த 12 வோல்ட் லைன்ல பெட்டிகளைத் தவிர வேற என்னென்ன இருக்கு?

#13 அளவுகோல்

ஈதர்நெட் ஸ்விட்ச். அழுத்த சென்சார்கள் இரண்டு.

…பார்த்துவிட்டேன். ஸ்விட்சின் அடியில் 12 வோல்ட் என்று மட்டும்தான் இருக்கிறது. அழுத்த சென்சார் 10 முதல் 30 வரை ஏற்கும். ஸ்விட்சுக்குத் தனியாக 12 வோல்ட் விட்டுவிடுகிறேன். கேட்டதற்கு நன்றி சார், இல்லையென்றால் நாளை காலை ஸ்விட்ச் எரிந்துபோயிருக்கும்.

#14 செம்பு

சப்ளை மாத்தும்போது செய்ய வேண்டியதையும் சொல்லிடறேன். பெட்டிகளோட பிளக் எல்லாம் கழண்டு இருக்கட்டும். 24 வோல்ட்டை ஏத்துங்க. ஒவ்வொரு ஒயர் முனையிலயும் பிளஸ் மைனஸ் சரியான்னு மீட்டர்ல பாருங்க; ஒயர் நிறத்தை நம்பாதீங்க. அணைங்க. ஒரு பெட்டியை மாட்டுங்க, ஏத்துங்க, லோடுல அளங்க, எழுதி வைங்க. அப்புறம்தான் அடுத்தது. நாலையும் ஒரே சொடுக்குல ஏத்தினா உள்ள இருக்கற கெப்பாசிட்டர் எல்லாம் ஒரே நேரத்துல நிரம்பப் பார்க்கும். சில பவர் சப்ளை அதை ஷார்ட்னு நினைச்சு அணைஞ்சு அணைஞ்சு வரும்.

#15 அதிர்வுமானி

சென்சார் பக்கமும் ஒரு வரிசை இருக்கிறது. பெட்டி அணைந்திருக்கும்போது அதன் உள்ளீட்டில் உயிருள்ள சிக்னலைக் கொண்டுபோய் மாட்டாதீர்கள். வெளியிலிருந்து பவர் வாங்கும் சென்சார் 5 வோல்ட்டோ 10 வோல்ட்டோ கொடுத்துக்கொண்டிருந்தால், அது உள்ளீட்டின் காப்பு டயோடு வழியாக, அணைந்திருக்கும் சர்க்யூட்டுக்குள் புகுந்து பின்வாசல் வழியாக அதற்கு அரைகுறை உயிர் கொடுக்கும். பெட்டி முதலில், சென்சார் பவர் பிறகு. அணைக்கும்போது தலைகீழ்.

அதிர்வுக்கு ஐஇபிஇ வகை (உள்ளேயே பெருக்கி இருக்கும், சிக்னல் கம்பியிலேயே பவர் வாங்கும்) சென்சாரா? அப்படியானால் அளவீடு தொடங்கும் முன் ஒவ்வொரு சானலிலும் பயாஸ் வோல்டேஜைப் பாருங்கள். பெட்டி சில மில்லிஆம்பியர் நிலையான கரண்ட்டை அனுப்பும், நல்ல சென்சார் 8 முதல் 12 வோல்ட் வரை ஓரிடத்தில் நிற்கும். சுழிக்கு அருகில் இருந்தால் கேபிள் ஷார்ட். 24-ஐ ஒட்டி இருந்தால் எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது கனெக்டர் உட்காரவில்லை. மேடை ஏறி இறங்காமல் இருந்த இடத்திலேயே எல்லா கேபிளையும் சோதித்துவிடலாம். பவர் கொடுத்த முதல் சில வினாடிகள் அந்த வோல்டேஜ் நகர்ந்துகொண்டிருக்கும். அந்தப் பகுதியைப் பதிவில் சேர்க்காதீர்கள்.

சாம்பிள் வேகம் என்ன?

#16 அளவுகோல்

ஐஇபிஇதான். ஒரு பெட்டிக்கு 8 சானல், வினாடிக்கு 51,200 சாம்பிள். மோட்டார் நிமிடத்துக்கு 3000 சுற்று. பம்ப் பக்க அதிர்வையும் மோட்டார் பக்க அதிர்வையும் கட்டக்கோணத்தில் (ஒரு சுற்றில் ஒன்று மற்றொன்றைவிட எவ்வளவு முந்துகிறது என்ற கோணம்) ஒப்பிட வேண்டும். இரண்டும் வெவ்வேறு பெட்டிகளில் வருகின்றன.

#17 அதிர்வுமானி

சாம்பிளுக்கு 4 பைட் என்று வைத்தால் பெட்டிக்கு வினாடிக்கு 13 மெகாபிட், நான்குக்கும் 52. 100 மெகாபிட் ஸ்விட்ச் தாங்கும்.

கட்டக்கோணம்தான் கவலை. 3000 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 20 மில்லிவினாடி. இரண்டு பெட்டிகளின் கடிகாரம் 1 மில்லிவினாடி விலகினால் 18 டிகிரி பிழை. என்டிபி (நெட்வொர்க்கிலிருந்து நேரம் வாங்கும் வழக்கமான முறை) வழியாகக் கடிகாரத்தைச் சரிசெய்தால் மில்லிவினாடி அளவில்தான் நிற்கும், இது போதாது. ஐஇஇஇ 1588 எனும் இன்னும் துல்லியமான பிடிபி முறையைப் பெட்டி ஆதரிக்கிறதா பாருங்கள். நேரமுத்திரையை வன்பொருளிலேயே குத்தும் பெட்டிகள் மைக்ரோவினாடிக்கும் கீழே ஒத்துப்போகும். ஆனால் பவர் வந்த மறுகணமே ஒத்துப்போகாது. 'பூட்டப்பட்டது' என்ற நிலை நான்கிலும் வந்தபின் பதிவைத் தொடங்குங்கள். சாதாரண ஸ்விட்ச் தன் வரிசையில் பொட்டலங்களைக் காக்கவைப்பதால் இதில் கொஞ்சம் தடுமாற்றம் சேர்க்கும். பிடிபி அறிந்த ஸ்விட்ச் அந்தத் தாமதத்தையும் கணக்கில் எடுக்கும்.

பதிவில் 1970 ஜனவரி 1 என்று தேதி வந்தால் பதற வேண்டாம். உள்ளே பேட்டரிக் கடிகாரம் இல்லாத பெட்டி, நேரம் கிடைக்கும்வரை யூனிக்ஸ் கணக்கின் சுழியிலிருந்து எண்ணிக்கொண்டிருக்கும்.

#18 அளவுகோல்

இரண்டு நாள் வேலை. நான்கும் எரிகின்றன, நான்குக்கும் தனி முகவரி, நான்காவதின் டெர்மினலில் லோடில் 22.4 வோல்ட். பயாஸ் சோதனையில் இரண்டாவது பெட்டியின் ஐந்தாம் சானல் 23.8 காட்டியது. கனெக்டரைத் திருகியதும் 10.9.

மோட்டாரை ஓட்டியதும் புதுச் சிக்கல். மோட்டார் உடலில் பற்றவைத்த கே வகை தெர்மோகப்பிள் (வெப்பநிலை சென்சார்) 8 டிகிரி மேலும் கீழும் ஆடுகிறது. நிறுத்தினால் அமைதி.

#19 தரைக்கம்பி

கே வகையில் ஒரு டிகிரிக்கு 41 மைக்ரோவோல்ட். எட்டு டிகிரி என்பது 0.33 மில்லிவோல்ட்தான். அவ்வளவு சின்ன வோல்டேஜை உண்டாக்க எர்த்தில் ஓடும் சிறு கரண்ட்டே போதும்.

ஈதர்நெட் கேபிள் ஷீல்டு உள்ளதா? உலோக ஓடு போட்ட கனெக்டரா?

#20 அளவுகோல்

ஆம். இரைச்சலைத் தடுக்கும் என்று ஷீல்டு கேபிளாகவே பார்த்து எடுத்தேன். ஸ்விட்ச் உலோக ரேக்கில் இருக்கிறது, ரேக்குக்கு எர்த் உண்டு.

#21 தரைக்கம்பி

அங்கேதான் வளையம் மூடுகிறது. ஈதர்நெட் போர்ட்டுக்குள் டிரான்ஸ்பார்மர் இருக்கிறது, தரப்படி 1500 வோல்ட் தாங்கும் தனிமை. அதனால் ஷீல்டு இல்லாத கேபிளில் தரவு மட்டும்தான் கடக்கும், எர்த் கடக்காது. ஷீல்டு கேபிளின் உலோக ஓடு பெட்டியின் சட்டத்தை ரேக்கின் எர்த்தோடு நேரடியாக இணைத்துவிடுகிறது. தெர்மோகப்பிள் முனை மோட்டார் உடலில், அதுவும் எர்த்தில். மோட்டார் எர்த், ரேக் எர்த் இரண்டுக்கும் நடுவே மோட்டார் ஓடும்போது சிறு வித்தியாசம் இருக்கும். அந்தக் கரண்ட் உங்கள் கேபிள்கள் வழியாகச் சுற்றுகிறது.

அந்த ஒரு பெட்டிக்கு மட்டும் ஷீல்டு இல்லாத கேபிளை மாட்டிப் பாருங்கள். பவர் சப்ளையின் மைனஸ் எர்த்தோடு கட்டப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். லேப்டாப்பைச் சார்ஜரிலிருந்து கழற்றியும் ஒரு சோதனை.

எர்த் ஒயரை மட்டும் யார் சொன்னாலும் வெட்டாதீர்கள். மோட்டாரின் எர்த் உயிர்க்காப்பு. அளவீட்டுக்காக அதில் கை வைக்கக் கூடாது.

#22 இணைப்பான்

மோட்டார் விஎஃப்டியில் (வேகத்தை மாற்றும் டிரைவ்) ஓடுகிறதா? அப்படியானால் ஷீல்டை முழுக்க எடுப்பது தவறு. விஎஃப்டியின் உயர் அதிர்வெண் இரைச்சலுக்கு இருமுனையும் கட்டிய ஷீல்டுதான் பயன் தரும்.

#23 தரைக்கம்பி

மோட்டார் கேபிளின் ஷீல்டுக்கு அது முழுக்கச் சரி, இரு முனையும் கட்ட வேண்டும். நான் பேசுவது மில்லிவோல்ட் சென்சார் இருக்கும் பெட்டியின் தரவுக் கேபிளைப் பற்றி. விஎஃப்டி இருந்தால் அதை மோட்டார் கேபிளிலிருந்து விலக்கிக் கொண்டுபோங்கள். குறுக்கிட நேர்ந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும்.

#24 அளவுகோல்

விஎஃப்டி இல்லை, நேரடி மோட்டார். கேபிளை மாற்றினேன். ஆட்டம் 8 டிகிரியிலிருந்து அரை டிகிரிக்கும் கீழே வந்துவிட்டது. பெட்டி ஏற்றி அரை மணி நேரம் சூடேறியபின் பார்த்தால் அடிப்படை அளவும் நகராமல் நிற்கிறது.

இன்று மதியம் மின்வெட்டு. மின்சாரம் திரும்பி வந்ததும் நான்கும் தானாக எழுந்தன, ஆனால் ஒன்றுகூட மென்பொருளில் இல்லை. தேடிப்பார்த்தால் எல்லாம் 169.254 என்று தொடங்கும் முகவரியில் இருக்கின்றன. நேற்று மாலைதான் நிலையான முகவரியை விட்டுவிட்டு டிஹெச்சிபிக்கு (முகவரியை நெட்வொர்க்கே தரும் முறை) மாற்றியிருந்தேன். கூடவே பிடிபி உள்ள புது மேலாண்மை ஸ்விட்ச் ஒன்றும் வைத்தேன்.

#25 வலைக்கண்

பெட்டி எத்தனை வினாடியில் எழுகிறது, ஸ்விட்ச் எத்தனை வினாடியில் எழுகிறது என்று பாருங்கள். மேலாண்மை ஸ்விட்ச் முழுதாக எழ நிமிடக்கணக்கில் ஆகும். எழுந்த பிறகும் பழைய ஸ்பேனிங் ட்ரீ (கேபிள் இணைப்பில் வளையம் விழாமல் காக்கும்) முறையில் ஒவ்வொரு போர்ட்டையும் 15 வினாடி கேட்டு, 15 வினாடி கற்று, அரை நிமிடம் கழித்தே திறக்கும். அதற்குள் பெட்டி முகவரி கேட்டு, பதில் வராமல், தானே 169.254 வரிசையில் ஒன்றை எடுத்துக்கொண்டது. சில கருவிகள் பிறகும் கேட்டுக்கொண்டே இருக்கும், சில கேட்பதை நிறுத்திவிடும்.

பெட்டி இருக்கும் போர்ட்டுகளை 'எட்ஜ்' வகையாக மாற்றினால் அந்த 30 வினாடி போய்விடும். ஆனால் ஸ்விட்ச் எழும் நேரம் போகாது. ஆகவே அளவீட்டுப் பெட்டிகளுக்கு நிலையான முகவரிக்கே திரும்புங்கள். நான்கே பெட்டி, யாரும் நடுவே வந்து சேரப்போவதில்லை.

#26 அளவுகோல்

திரும்பிவிட்டேன். மெயினை மூன்று தடவை அணைத்து ஏற்றினேன், மூன்று தடவையும் நான்கு பெட்டிகளும் அதே முகவரியில் வந்தன. பிடிபி பூட்டியபின் மோட்டார் பக்கப் பெட்டி, பம்ப் பக்கப் பெட்டி இரண்டின் சென்சார்களையும் ஒரே இடத்தில் வைத்து ஒப்பிட்டேன், கோண வித்தியாசம் ஒரு டிகிரிக்குள்.

ஒவ்வொரு பெட்டியின் மூடியிலும் முகவரி, மேக், லோடில் அளந்த வோல்டேஜ் மூன்றையும் எழுதி ஒட்டிவிட்டேன். நான்காவதில் 22.4. திருப்பி அனுப்ப எடுத்து வைத்த அட்டைப்பெட்டியைப் பிரித்துவிட்டேன். செம்பு சார், எல்லோருக்கும் நன்றி.

#27 செம்பு

ரொம்ப சந்தோஷம் சார். ஆறு மாசம் கழிச்சு அந்த 22.4-ஐ மறுபடி ஒரு தடவை அளந்து பாருங்க. 21-க்கு வந்திருந்தா ஏதோ ஒரு திருகு தளர்ந்திருக்கும்.